அழற்சியும் அகவையும்

“எழுபது வயதுக்கு மேல் இனி எதற்கு ஐயா கத்தி? இருக்கிற மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே!” இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர் இவ்வாறு சொல்வதை மருத்துவனாகிய நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பெற்றவரிடத்து வைத்த அன்பே அவர்களை அவ்வாறு பேசச் செய்கிறது. புற்றுநோயைக் காட்டிலும் அறுவைச் சிகிச்சையே பெரியவரின் உயிரைக் குடித்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். இவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு? அறுவைக்கு இளைய உடல் எவ்வாறு மறுமொழி கூறுகிறது, முதிய உடல் எவ்வாறு கூறுகிறது? இவ்வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

வடசென்னையில் இவ்வினா எழுவது இயல்பே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், காசிமேட்டில் வலை இழுத்தவர்களும், எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலைகளில் இரும்போடும் இரப்பரோடும் பழகியவர்களும் இன்று முதுமை எய்தியிருக்கிறார்கள். இவர்களுக்கு நோய் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டான்லி மருத்துவமனையே. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தோடு இணைந்து வளர்ந்தது அது. ஆகையால் இன்றும் முதியவர்கள் அதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைப்பார்கள். 1938-இல் அங்கே மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. நகரின் தென்கோடியில், அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அந்நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் காணப்படும் புற்றுநோய்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்து வருகிறது. இரைப்பைப் புற்று இந்நகர ஆண்களிடையே நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கும் நோய் என்பதை அப்பதிவேடு எடுத்துக்காட்டியது. இரைப்பைப் புற்றாயினும் பெருங்குடல் புற்றாயினும், நோய் பரவுமுன் அதை வெட்டி எடுப்பதே இன்றளவும் தலையாய சிகிச்சை. புற்றுநோயோ வயது ஏற ஏற மிகுதியாக வரும் நோய். ஆகவே முதியவரும் கத்தியும் சந்திப்பது தவிர்க்க இயலாத ஒன்று.

இனி உடலுக்குள் செல்வோம். கையில் முள் தைத்தால் என்ன நேர்கிறது? அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் உரோமானிய அறிஞர் இந்நான்கு அறிகுறிகளையும் வகுத்துரைத்தார். நாம் இதை ‘அழற்சி’ என்கிறோம். அழல் என்றால் தீ. உடலில் மூளும் சிறு தீயே அழற்சி எனலாம். அத்தீ நம்மைச் சுட்டாலும் அது பகையன்று, காவலின் அடையாளம். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் மெச்னிகாப் என்னும் உருசிய விஞ்ஞானி, நட்சத்திர மீனின் இளங்குஞ்சு ஒன்றின் உடலில் ரோஜா முள் ஒன்றைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தபோது, முள்ளைச் சூழ்ந்து நகரும் உயிரணுக்கள் கூட்டமாகத் திரண்டிருந்தன. நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் செய்யும் தொண்டும் அதுவே. இவ்வழியில் ஆற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

முள் தைத்தால் எழுவது சிறு தீ. வயிற்றைத் திறந்து, குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, மீதியை இணைத்துத் தைத்தால் எழுவது பெருந்தீ. அது காயத்தோடு நில்லாமல் உடல் முழுவதையும் தட்டி எழுப்புகிறது. வடசென்னையில் வாழ்ந்தவர்களுக்கு ஆலைச் சங்கின் ஒலி பழக்கமானது. சங்கு ஊதியதும் ஊரே விழித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும். காயம்பட்ட இடத்திலிருக்கும் உயிரணுக்களும் அவ்வாறே சில வேதிப்பொருள்களை இரத்தத்தில் கலந்து சங்கு ஊதுகின்றன. அவற்றுள் முதன்மையானது இன்டர்லூகின்-6 என்பது. 1986-இல் ஜப்பானின் ஒசாகா நகர விஞ்ஞானிகள் இதன் அமைப்பைத் தெளிவுபடுத்தினர். அறுவை தொடங்கிய சில மணி நேரத்திலேயே இது இரத்தத்தில் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் உச்சியை அடைகிறது.

இச்சங்கொலியைக் கேட்டு முதலில் எழுந்திருப்பது கல்லீரல். அது தன் வழக்கமான உற்பத்தியை மாற்றிக்கொண்டு, போர்க்காலத் தொழிற்சாலையைப் போலப் புதிய புரதங்களை ஆக்கத் தொடங்குகிறது. அவற்றுள் ஒன்று ‘சி.ஆர்.பி.’ எனப்படும் புரதம். 1930-இல் நியூயார்க்கில் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தனர். உடல்நலம் உள்ள ஒருவரின் இரத்தத்தில் இது லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே இருக்கும். பெரிய வயிற்று அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள்களில் நூறு மில்லிகிராமையும் தாண்டிவிடும். சங்கு ஓய்ந்ததும் கல்லீரலும் உற்பத்தியைக் குறைக்கும். இரத்தத்தில் உள்ள சி.ஆர்.பி. ஏறத்தாழ 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. எனவே, எல்லாம் நலமாக நடந்தால் நான்காம் நாளிலிருந்து இதன் அளவு தெளிவாக இறங்கவேண்டும். இறங்காவிட்டால், உள்ளே எங்கோ புதிதாகத் தீ மூண்டிருக்கிறது என்று பொருள். மூன்றாம் நான்காம் நாள்களில் 150-க்கு மேல் நின்றால் அந்நோயாளியைத் தனிக் கவனத்தோடு பார்க்கவேண்டும் என்பது குடல் அறுவை மருத்துவர்கள் பலர் கைக்கொள்ளும் வழக்கம்.

இவ்வளவு புரதத்தை ஆக்க மூலப்பொருள் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? நம் தசைகளிலிருந்துதான். கிளாஸ்கோ நகரில் எலும்பு முறிந்த நோயாளிகளை ஆராய்ந்த கத்பெர்ட்சன் என்பவர், காயம்பட்ட உடல் தன் தசையைக் கரைத்துச் செலவிடுவதைக் கண்டார். 1942-இல் அவர் இம்மாறுதலை இரு கட்டமாகப் பிரித்து, கடலின் வற்றத்திற்கும் ஏற்றத்திற்கும் ஒப்பிட்டார். முதலில் உடல் ஒடுங்கிக் குளிர்ந்து நிற்கும் வற்றம். பிறகு சூடேறி, இதயம் விரைந்து, சேமிப்பை எல்லாம் வாரி இறைக்கும் ஏற்றம். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இவ்வுவமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்தைத் தாங்குவதற்குக் கரையில் இடம் வேண்டும். உடலில் அந்த இடம், தசையும் இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் சேர்த்து வைத்திருக்கும் இருப்பே ஆகும்.

இப்போது முதுமையைக் காண்போம். முதுமையில் அழற்சி குறையுமா, மிகுமா? விடை சற்று விந்தையானது. இரண்டும் நேர்கின்றன. இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். வயது ஏற ஏற, காயமோ தொற்றோ இல்லாதபோதும், உடலில் மெல்லிய அழற்சி ஒன்று நீறுபூத்த நெருப்பாகக் கனன்றுகொண்டே இருக்கிறது என்பதே அது. இதற்குக் காரணங்கள் பல. பிரிந்து பெருகும் ஆற்றலை இழந்த பழைய உயிரணுக்கள் மடியாமல் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிடுகின்றன. வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பும் அவ்வாறே செய்கிறது. பழுதுபட்ட ஈறுகளும், ஆண்டுக்கணக்கில் இழுத்த பீடிப் புகையால் புண்பட்ட மூச்சுக் குழல்களும் அந்நெருப்புக்கு விறகிடுகின்றன. இதற்கு மேல், புற்றுக்கட்டி தானே ஓர் அழற்சிக் களம். கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதை ஜெர்மானிய அறிஞர் வீர்கோ 1863-இலேயே சுட்டிக்காட்டினார்.

அதே வேளையில், அவசரத்திற்கு எழவேண்டிய காவற்படை முதுமையில் தளர்கிறது. நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி இளமையிலிருந்தே சுருங்கத் தொடங்கிப் பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிடுகிறது. எனவே புதிய பகையை அறிந்து போரிடும் இளம் நிணவணுக்களின் வரவு குறைகிறது. வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் அவ்வளவு குறைவதில்லை. ஆயினும் இலக்கை நோக்கி நேராகச் செல்லும் திறன் மங்குகிறது. வழிதவறி அலையும் வெள்ளணு, செல்லும் வழியில் நல்ல திசுக்களையும் சிதைக்கிறது. காய்ச்சலை எழுப்பும் ஆற்றலும் குன்றுகிறது. கடும் தொற்று உண்டான முதியவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்குக் காய்ச்சலே தோன்றாமலோ மிகச் சிறிதே தோன்றியோ இருக்கலாம். சுருங்கச் சொன்னால், முதிய உடலின் சங்கு எப்போதும் மெல்ல முனகிக்கொண்டிருக்கிறது. ஊதவேண்டிய நேரத்தில் தாமதமாகவும் தெளிவின்றியும் ஊதுகிறது. ஒருமுறை உரக்க ஊதிவிட்டாலோ, நிறுத்துவது கடினமாகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஒரே வாரத்தில், ஒரே அறையில், பெருங்குடல் புற்றுக்கு அறுவை முடிந்து படுத்திருந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் நாற்பது வயது லாரி ஓட்டுநர். மற்றவர் எழுபது வயதைக் கடந்த, வலை பின்னும் தொழில் செய்த பெரியவர். ஓட்டுநருக்கு இரண்டாம் நாள் காய்ச்சல் அடித்தது, வலியால் அரற்றினார், வீட்டார் கலங்கிப்போயினர். பெரியவரோ காய்ச்சலின்றி அமைதியாகக் கிடந்தார். “அப்பா எவ்வளவு தேவலை!” என்று மகன் மகிழ்ந்தான். நான்காம் நாள் காலையில் அவருடைய மருமகள் என்னிடம் வந்து, “டாக்டர், மாமாவுக்குச் சூடு இல்லை. ஆனால் படகு கரைக்கு வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் யார் என்பதே அவருக்குத் தெரியவில்லை” என்றாள். நாடி விரைவாக ஓடிற்று; மூச்சும் விரைந்தது. ஓட்டுநரின் சி.ஆர்.பி. அளவு அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. பெரியவருடையதோ மூன்றாம் நாளைவிட ஏறியிருந்தது. படம் எடுத்துப் பார்த்ததில், குடலை இணைத்த தையல் ஓரிடத்தில் கசிவது தெரிந்தது. அன்றே மறுபடியும் அறுவை செய்யப்பட்டது. பெரியவர் பல வாரம் படுத்து, மெலிந்து, பிறகு தேறி வீடு சென்றார். அவரைக் காப்பாற்றியதில் அம்மருமகளின் கண்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

முதியவரின் மனம் தடுமாறுவது ஏன்? அழற்சியைத் தூண்டும் பொருள்கள் மூளையையும் எட்டுகின்றன. இளமையில் மூளை அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. முதுமையில் அதன் இருப்புக் குறைவு. ஆகவே திடீரெனக் குழப்பம் தோன்றுகிறது. இதை “வயதானால் அப்படித்தான்” என்று ஒதுக்கிவிடுவது பெருந்தீங்கு. நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினால், அது மூப்பன்று; நோயின் அறிவிப்பு. காய்ச்சலைக் கணிப்பதிலும் இவ்வாறே கவனம் வேண்டும். முதியவரின் இயல்பான உடற்சூடே சற்றுக் குறைவு. அவருடைய வழக்கமான அளவிலிருந்து இரண்டு பாரன்ஹீட் டிகிரி ஏறினாலே அதைக் காய்ச்சலாகக் கொள்ளவேண்டும். நூற்றொன்றாகட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

அப்படியானால் வயதே குற்றவாளியா? இங்கேதான் நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே திசையில் செல்லவில்லை. சிலவற்றில் முதியவர்களுக்கு அறுவைக்குப் பின் இன்டர்லூகின்-6 மிகுதியாகக் காணப்பட்டது. வேறு சிலவற்றில் இளையவர்க்கும் முதியவர்க்கும் சி.ஆர்.பி. உச்சத்தில் பெரிய வேற்றுமை தென்படவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகப் புலனாயிற்று. தீயின் அளவை நிர்ணயிப்பதில் காயத்தின் அளவுக்குப் பெரும்பங்கு உண்டு. வயிற்றை நீளமாகத் திறந்து செய்யும் அறுவையைக் காட்டிலும், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் அறுவையில் இவ்விரு பொருள்களும் குறைவாகவே எழுகின்றன. எனவே, வாய்ப்புள்ள இடத்தில் சிறிய காயம் முதியவருக்குப் பெரிய நன்மை.

மற்றோர் உண்மையும் உண்டு. அறுவைக்கு முன்பே உடலில் எவ்வளவு நெருப்புக் கனன்றது என்பது நோயாளியின் பிற்கால நலத்தோடு தொடர்புடையது. கிளாஸ்கோ மருத்துவர்கள் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தனர். இரத்தத்தில் சி.ஆர்.பி. லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் இருந்து, அல்புமின் என்னும் புரதம் 35 கிராமுக்குக் கீழே இருந்தால், அந்நோயாளிக்கு இடர் மிகுதி. இவ்வளவுகோலில் வயது என்னும் கட்டமே இல்லை என்பதைக் கவனியுங்கள். உரமான எழுபத்தைந்து வயதினர் ஒருவர், நலிந்த ஐம்பது வயதினரைவிட அறுவையை நன்றாகத் தாங்குவதும் உண்டு. பிறந்த தேதி ஒரு குறிப்பு மட்டுமே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, அண்மையில் எடை குறைந்ததா என்பவை அதைவிடப் பெரிய குறிப்புகள்.

முதுமையில் இடர் மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. தீ ஒரே அளவாயினும், ஓட்டு வீட்டையும் ஓலைக் குடிசையையும் அது ஒன்றுபோல் தாக்குவதில்லை. நீரிழிவும் இதய நோயும் புகையால் பழுதான நுரையீரலும் உள்ள உடலில், அழற்சியின் செலவை ஈடுகட்ட இருப்பு இல்லை. இதற்கு மேல் ‘ஓய்வு’ என்னும் பெயரால் அவரைப் படுக்கையிலேயே கிடத்திவிட்டால் நிலைமை மேலும் கெடும். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயில்லாதவர்க்கே இவ்வளவு இழப்பென்றால், காயமும் அழற்சியும் உள்ளவர்க்கு எவ்வளவு என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய இடர், காலம் கடத்துவதே. “வயதாகிவிட்டது, வேண்டாம்” என்று அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள். கட்டி வளர்ந்து ஒரு நாள் குடலை அடைத்துவிடுகிறது. நள்ளிரவில் வயிறு உப்பி, வாந்தியும் வலியுமாகக் கொண்டு வருகிறார்கள். அப்போது எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதே அறுவையை, நீர் வற்றி உப்புச் சமநிலை குலைந்த உடலில், அவசரமாகச் செய்யவேண்டி வருகிறது. திட்டமிட்ட அறுவையைக் காட்டிலும் இவ்வவசர அறுவையில் முதியவர்க்கு உயிரிழப்புப் பன்மடங்கு மிகுதி. அன்பினால் எடுத்த முடிவே அன்புக்குரியவரைக் கொண்டுபோய்விடுகிறது. நோய் பரவிவிட்டதாலோ உடல் மிக நலிந்ததாலோ, அறுவை வேண்டாம் என்று முடிவு செய்வது சில வேளை சரியே. அந்த முடிவு பரிசோதனைக்குப் பின், நோயாளியின் விருப்பத்தையும் கேட்டு எடுக்கவேண்டியது; பரிசோதனைக்கு முன்பே வயதைக் காட்டி எடுப்பதன்று.

தீயை அடக்கும் வழிகள் இன்று பல உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த கேலெட் என்னும் அறுவை மருத்துவர் 1990-களில், அறுவையின் அதிர்ச்சியையே குறைக்கும் முறை ஒன்றை வகுத்தார். அறுவைக்கு முன் நீண்ட பட்டினி கூடாது; வலியை நன்கு தணிக்கவேண்டும்; குழாய்களை விரைவில் எடுக்கவேண்டும்; கூடிய விரைவில் வாய்வழி உணவு தரவேண்டும்; அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் செய்யவேண்டும். பெருஞ்செலவோ புதுமருந்தோ கேட்காத சிகிச்சை இது. அறுவைக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களையும் வீணாக்கலாகாது. புகையிலையை விடுதல், நாள்தோறும் நடத்தல், மூச்சுப் பயிற்சி, ஈறுகளைச் செப்பனிடுதல், முட்டையும் மீனும் பருப்பும் போதுமான அளவு உண்ணுதல் ஆகியவை உடலின் இருப்பைக் கூட்டுகின்றன. இரத்தசோகை இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். கடற்கரையில் வாழும் எளிய குடும்பத்துக்கும் இவை எட்டாதவை அல்ல. ‘நோயாளிக்கு மீன் ஆகாது’ என்று கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திவிடும் வழக்கமோ தசையை மேலும் கரைக்கும்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ ஆகலாம். ஆனால் பெரும்பாலோர் அதற்கு முன்பே, தாத்தாவுக்கோ பாட்டிக்கோ மருத்துவமனையில் துணையிருக்க நேரும். அப்போது வெறுமே அமர்ந்திராமல் நான்கைக் கவனியுங்கள்: பேச்சு தெளிவாக உள்ளதா? மூச்சு விரைகிறதா? உண்ணவும் எழவும் நேற்றைவிட இன்று விருப்பம் கூடியதா, குறைந்ததா? சிறுநீர் போதுமான அளவு கழிகிறதா? ஒரு துண்டுத் தாளில் நேரத்தோடு குறித்துவையுங்கள். மாறுதல் கண்டால் தயங்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். “காய்ச்சல் இல்லையே” என்று யாரேனும் ஆறுதல் கூறினாலும், மறுமுறையும் பணிவோடு சொல்லுங்கள். இளைய உடல் தன் துன்பத்தைத் தானே முழங்கிவிடும். முதிய உடலுக்கு அக்குரல் தாழ்ந்துவிட்டது. அதன் அருகே அமர்ந்து, அது முணுமுணுப்பதைக் கேட்டுச் சொல்வது உங்களுடைய பணி.